மகள் வீட்டு இழுப்பறை

தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு வீட்டைப் பெரிதாக்கும் வித்தையை யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. முன்னால் ஓர் அறை, உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. அதற்குள்தான் பாட்டி, அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள். மூத்தவனுக்குக் கல்யாணம் முடிந்தால் எங்கே படுப்பான்? பழைய தகரம் நாலு, பலகை பத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும். சாயங்காலத்துக்குள் பின்பக்கம் ஒரு சாய்ப்பு இறங்கிவிடும். கிராணியார் பார்த்தும் பாராதவர்போல் போய்விடுவார். மழை வந்தால் மட்டும் சாய்ப்புக்கும் பழைய சுவருக்கும் நடுவில் ஒழுகும். அங்கே ஒரு வாளியை வைப்போம்.

இதே வித்தையை அமெரிக்காக்காரர்கள் சக்கரம் பூட்டிய வீட்டில் செய்திருக்கிறார்கள். சாய்ப்பை வெளியே கட்டுவதற்குப் பதிலாக, சுவரில் பெரிய ஓட்டை போட்டு, அதற்குள் ஓர் அறையைச் செருகி வைத்திருக்கிறார்கள். சுவிட்சை அழுத்தினால் அறை வெளியே போகிறது. திரும்ப அழுத்தினால் உள்ளே வருகிறது. ஸ்லைட்-அவுட் என்று பெயர். மேசையின் இழுப்பறையைப் போல இருப்பதால் நான் இழுப்பறை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இப்போது பேரனும் அப்படியே சொல்கிறான்.

நாற்பது ஆண்டுகள் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் நான். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நானும் துணைவியாரும் மகளைப் பார்க்க அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போனோம். ஏழு வாரம் அந்தச் சக்கர வீட்டில் குடியிருந்தோம். அதைப் பராமரிக்கிற விஷயத்தில் நான் கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ போய்ப் பிழைக்கிறார்கள். யாராவது ஒருவருக்கு உதவட்டும்.

மகள் தாதி. அங்கே ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் தாதிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் ஆள் குறைந்தால் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். முடிந்ததும் அடுத்த ஊர். ஒவ்வொரு முறையும் வாடகை வீடு தேடி, முன்பணம் கட்டி, சாமான் தூக்கி மாள முடியாது. அதனால் சிலர் வீட்டையே கையோடு கொண்டு போகிறார்கள். மகளும் மருமகனும் வாங்கியிருந்தது பழைய வண்டி. அதற்குத் தனி எஞ்சின் கிடையாது. அதன் மூக்குப் பகுதி பிக்கப் லோரியின் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். லோரி இழுத்துக்கொண்டு போகும். முப்பது அடி நீளம். உள்ளே அடுப்பு, குளிர்பெட்டி, குளிக்கும் அறை எல்லாம் உண்டு.

நீளம் முப்பது அடி இருந்தும் இழுப்பறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தொல்லை அகலத்தில்தான். அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் வண்டியின் அகலம் 102 அங்குலம், அதாவது எட்டரை அடி. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எட்டரை அடியில் சோபாவும் போட்டு, மேசையும் போட்டு, நடுவில் ஆளும் நடக்க வேண்டுமென்றால் முடிகிற காரியமா? சாலையில் போகும்போது எட்டரை அடிக்குள் அடக்கமாக இருந்து, நின்ற இடத்தில் மூன்றடி விரியும் வீடு கிடைத்தால் சட்டத்துக்கும் பழுதில்லை, குடும்பத்துக்கும் வசதி. இந்தியானா மாநிலத்தின் வடக்கில் உள்ள எல்கார்ட் வட்டாரத்தில்தான் இந்த வண்டித் தொழில் குவிந்து கிடக்கிறது. அந்தப் பக்கத்து நாப்பனி ஊரைச் சேர்ந்த நியூமார் நிறுவனம் 1990-இல் இப்படிப்பட்ட அறையை அறிமுகம் செய்தது. அதன் பிறகு இது எங்கும் பரவி, இன்று அங்கே இழுப்பறை இல்லாத பெரிய வண்டியைப் பார்ப்பது அபூர்வம்.

மகள் வண்டியில் இருந்தது ஒரே இழுப்பறை. சோபாவும் சாப்பாட்டு மேசையும் அதன் மேலேயே இருந்தன. இரவில் சோபாவை விரித்தால் அதுதான் பேரனுக்குக் கட்டில்.

அதன் இயந்திரத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஆலையில் பார்க்காதது ஒன்றுமே இல்லை. வண்டியின் அடியில் இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பல். அந்தப் பல்லில் உருளும் பல் சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில். தண்டைச் சுற்ற 12 வோல்ட் மோட்டார். மோட்டார் சுற்றினால் சட்டங்கள் நகரும், சட்டங்களோடு அறையும் நகரும். அவ்வளவுதான். செம்பனைக் குலைகள் நிரம்பிய கூண்டுகளைத் தண்டவாளத்தில் இழுத்து நீராவிக் கலத்துக்குள் தள்ளிய எங்களுக்கு இது விளையாட்டுச் சாமான்.

ஆனால் ஆலையில் ஒரு பாடம் உண்டு. கூண்டை இழுக்கிற இயந்திரம் கெட்டால் உடனே தெரியும். எல்லாரும் ஓடி வருவார்கள். நீராவிக் கலத்தின் கதவைச் சுற்றிய ரப்பர் வளையம் கெட்டால் முதலில் ஒருவருக்கும் தெரியாது. நூல் மாதிரி நீராவி கசியும். கவனிக்காமல் விட்டால் கதவின் விளிம்பையே அரித்துவிடும். இழுப்பறையும் அப்படித்தான். அது சுவரில் போட்ட ஓட்டை என்பதை மறக்கக் கூடாது. எல்லாரும் மோட்டாரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நானோ போன முதல் நாளே ஓரங்களைத்தான் தடவிப் பார்த்தேன்.

ஓட்டையைச் சுற்றி இரண்டு விதமான ரப்பர் இருக்கிறது. ஒன்று குழாய் மாதிரி உருண்டையானது. அறை முழுக்க வெளியே போனாலும், முழுக்க உள்ளே வந்தாலும் நசுங்கி அடைத்துக்கொள்ளும். மற்றது நாக்கு மாதிரித் தட்டையானது. அறை நகரும்போது அதன் சுவரைத் துடைத்துக்கொண்டே வரும், லோரிக் கண்ணாடியின் துடைப்பானைப் போல. இதில் கவனிக்க வேண்டியது, அறை பாதி வழியில் நின்றால் உருண்டை ரப்பர் எதையும் அடைக்காது. மழை நேராக உள்ளே வரும்.

பால் வெட்டியவர் மகன் நான். ரப்பர் என்றதும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தேன். நம் மரத்துப் பால் இல்லை. பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். நம் ரப்பருக்கு இழுவையும் வலுவும் அதிகம் என்றாலும் வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் பட்டால் வெடிப்பு விழும். வருடக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டிய வேலைக்கு அந்தச் செயற்கை ரப்பர்தான் தோது என்பதை மனம் வலித்தாலும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்! ஆனால் அதற்கும் ஓர் எதிரி உண்டு: பெட்ரோலியத்தில் செய்த எண்ணெயும் கிரீசும். பட்டால் ஊறி உப்பி, உரு மாறிப் போகும். ஆகவே ரப்பர் காய்ந்து கிடக்கிறதே என்று கையில் கிடைத்த எண்ணெயைப் பூசிவிடக் கூடாது. ரப்பருக்கென்றே விற்கும் தைலம் இருக்கிறது. ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காயவிட்டு, மெலிதாகப் பூச வேண்டும். மகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிறாள். வெயில் கொளுத்துகிற ஊரில் இன்னும் சீக்கிரமே செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பல் சட்டத்துக்கும் இப்படியொரு விதி. ஆலையில் எதைப் பார்த்தாலும் கிரீஸ் அப்பிப் பழகிய கை எனக்கு. அங்கே அது ஆகாது. சாலையின் மணலும் தூசியும் கிரீசில் ஒட்டிக்கொண்டால் அது மணல்தாள் மாதிரிப் பல்லைத் தின்றுவிடும். தெளித்தவுடன் காய்ந்து படலமாக நிற்கும் உலர் மசகு ஒன்று புட்டியில் விற்கிறது. பிரஷ்ஷால் தட்டி மண்ணை எடுத்துவிட்டு அதைத்தான் தெளிக்க வேண்டும். வண்டியோடு வந்த கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. மகள் வாசித்துக் காட்டினாள்.

சரி, கோளாறுக்கு வருகிறேன்.

மகளின் ஒப்பந்தம் முடிந்து அடுத்த வேலை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க்கி நகரத்தில். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நாள். ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான ஓட்டம். நாங்கள் நின்ற இடத்தைச் சனிக்கிழமை பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். அடுத்த வண்டிக்காரர் பணம் கட்டிவிட்டார். மகள் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறாள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே இழுப்பறையை ஒருமுறை உள்ளே இழுத்துப் பார்ப்பாள். வியாழக்கிழமை பிற்பகல் அப்படி இழுத்தபோது, மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்து அறை நின்றுவிட்டது. சுவிட்சை அழுத்தினால் மோட்டார் முனகியது. அறை அசையவில்லை.

“அப்பா, கொஞ்சம் வந்து பாருங்க” என்றாள். குரலில் பதற்றம் தெரிந்தது. மருமகன் பழுது பார்ப்பவருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒன்பது நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார்கள். ஒன்பது நாள்! அறை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வண்டியைச் சாலையில் இழுக்க முடியாது. வண்டி போகாவிட்டால் மகள் திங்கட்கிழமை வேலையில் நிற்க முடியாது. ஒப்பந்தக்காரருக்கு வேலை செய்த நாளுக்குத்தான் சம்பளம். நமக்குத் தெரியாத சங்கதியா? பெரட்டுக்கு வராத அன்று பேர் விழாது.

முதலில் சொன்னேன்: “தாயி, சுவிட்சிலிருந்து கையை எடு.” நகராத அறையை மோட்டாரால் தள்ளிக்கொண்டே இருந்தால் மோட்டார் கருகும், அல்லது பல் முறியும். பிறகு வெளியே ஒரு சுற்று வந்து பார்த்தோம். கிளை எதுவும் தடுக்கிறதா, உள்ளே அலமாரிக் கதவு திறந்து மாட்டியிருக்கிறதா, பேரனின் செருப்போ விளையாட்டுச் சாமானோ சந்தில் விழுந்திருக்கிறதா என்று. ஒன்றுமில்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வண்டி மட்டமாகத்தான் நின்றது. சாய்ந்தோ முறுக்கிக்கொண்டோ நிற்கும் வண்டியில் ஓட்டையின் சதுரம் கோணிப்போய் அறை இறுகிவிடும். பாதிப் பேருடைய தொல்லை அதுதான் என்று பக்கத்து வண்டிக்கார அமெரிக்கர் சொன்னார்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அறை பாதியில் நிற்கிறது. மழை வந்தால் பேரனின் படுக்கை நனையும். இப்படிப்பட்ட வண்டிகளில் கையால் சுற்றுவதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். மோட்டாரின் பின்னால் சின்ன நெம்பு. அதைத் திருப்பினால் மோட்டாரின் பிடி விடும். பிறகு தண்டின் முனையில் ஸ்பானரை மாட்டிச் சுற்ற வேண்டும். உள்ளே இழுப்பதா, வெளியே தள்ளுவதா என்று மருமகன் கேட்டார். “வெளியே தள்ளுங்க தம்பி, ராத்திரிக்குப் பிள்ளை படுக்கட்டும். வெள்ளிக்கிழமை முழுக்க இருக்கு” என்றேன். மருமகன் கணினியில் வேலை பார்க்கிறவர். கையில் காய்ப்பு இல்லாதவர். ஆனால் வியர்க்க விறுவிறுக்க, குறை சொல்லாமல் இருபது நிமிடம் சுற்றினார். அறை முழுக்க வெளியே போய் ரப்பர் அடைத்ததும் நெம்பைப் பழையபடி பூட்டச் சொன்னேன். இதை மறந்தால் மோட்டாரின் பிடி இருக்காது. ஓடும் வண்டியில் அறை தானாக வெளியே நழுவி வரும். அதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அன்று இரவு நல்ல மழை. தகரக் கூரையில் விழும் சத்தம் மாதிரியே இருந்தது. என் துணைவியார் தூக்கம் வராமல் சொன்னார்: “நம்ம தோட்டத்த வித்தப்போ லயத்துக்கும் இப்படிச் சக்கரம் இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!” நான் பதில் சொல்லவில்லை. எங்கள் தோட்டம் 1980-களில் கைமாறி வீட்டுமனை ஆனது. வேலை போன அன்றே வீடும் போனது. அப்பா தன் கையால் இறக்கிய சாய்ப்பைத் தானே பிரித்துத் தகரத்தை லோரியில் ஏற்றினார். மகளுக்கும் வேலை முடிந்தால் அந்த ஊரில் இடமில்லைதான். ஆனால் வீடு அவளோடு போகிறது. சுவர் அட்டை மாதிரி இருக்கிறது, பக்கத்து வண்டிக்காரர் இருமினால் கேட்கிறது, எனக்கு அந்த வீடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் ஒழுகினால் கிராணியாரிடம் போய் நிற்க வேண்டாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு மீட்டரை எடுத்தேன். முந்தின நாளே ஒரு தடயம் கிடைத்திருந்தது. சுவிட்சை அழுத்தியபோது அறை விளக்குகள் மங்கவில்லை. பேட்டரி சோர்ந்திருந்தால் விளக்கும் கூடவே மங்கும். இழுப்பறை நகராததற்கு முதல் காரணம் எங்கேயும் சோர்ந்த பேட்டரிதான். ஆனால் இங்கே அதுவல்ல. மின்சாரம் பேட்டரியில் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ களவு போகிறது.

களவைப் பிடிக்கும் முறை இது. மோட்டார் சும்மா இருக்கும்போது வோல்ட் பார்த்துப் பயனில்லை. துருப்பிடித்த வயரும் அப்போது நல்ல பிள்ளை மாதிரி முழு வோல்ட் காட்டும். சுமை ஏறும்போது பார்க்க வேண்டும். நீளமான வயர்களில் முதலைக் கிளிப் மாட்டி, மீட்டரை வெளியே வைத்துக்கொண்டேன். அறை நகரக்கூடிய நேரத்தில் அதன் அடியில் ஆள் இருக்கக் கூடாது. நகராது என்று தெரிந்தாலும் கூடாது. மகள் இரண்டே வினாடி சுவிட்சை அழுத்தினாள். பேட்டரியில் 12.6 வோல்ட். மோட்டாரில் 8.8. கிட்டத்தட்ட நாலு வோல்ட் வழியிலேயே காணோம். நேர்மின் வயரின் இரு முனைகளுக்கு நடுவே பார்த்தால் 0.3, அது சரி. சுவிட்சுப் பெட்டியின் எர்த் வயரிலிருந்து பேட்டரியின் எதிர்முனை வரை பார்த்தால் 3.5! அகப்பட்டுக்கொண்டது.

அந்த எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டால் முடுக்கப்பட்டிருந்தது. மேலே பார்த்தால் சாயம் பூசி அழகாக இருந்தது. கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. முந்தைய குளிர்காலத்தில் ஒஹாயோவில் இருந்திருக்கிறார்கள். அங்கே சாலையில் பனிக்கட்டி உறையாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடியெல்லாம் தெறித்து, மூட்டுகளில் புகுந்து அரித்துவிடும். மணல்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வயரின் வளையத்தை மாற்றி, புதுப் போல்ட் போட்டு முடுக்கி, மேலே நீர் புகாத பூச்சு பூசினோம். செலவு சில வெள்ளிதான், நம் காசுக் கணக்கில். மறுபடி பார்த்தபோது எர்த் பக்கம் 0.2 வோல்ட்.

உடனே இழுத்துவிடவில்லை. கூரையைப் பார்க்கச் சொன்னேன். நாங்கள் நின்ற இடத்தில் ஓக் மரங்கள். டெக்சாசில் இருக்கும் ஒருவகை ஓக், மற்ற மரங்களைப் போல் இலையுதிர் காலத்தில் உதிராமல் வசந்தத்தின் தொடக்கத்தில்தான் பழைய இலையைக் கொட்டுகிறது. இங்கே ரப்பர் மரம் பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டுவது நினைவுக்கு வந்தது. காலடியில் அதே சரசரப்பு. அந்த இலையெல்லாம் இழுப்பறையின் மேல்தட்டில் குவிந்து, இரவு மழையில் ஊறி, அணை கட்டியிருந்தது. இப்படியே உள்ளே இழுத்தால் என்ன ஆகும்? தட்டில் நிற்கும் தண்ணீரும் இலையும் நேரே வீட்டுக்குள் வரும். மருமகன் ஏணியில் ஏறிப் பெருக்கித் துடைத்தார். இதற்காகவே சிலர் இழுப்பறையின் மேல் சுருள் துணிக்கூரை போடுகிறார்கள். அறை வெளியே போகும்போது துணி விரியும், உள்ளே வரும்போது சுருளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துணியின் நடுவில் தண்ணீர் தேங்கிக் குளமாகும். அதையும் வடித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

பிறகு சுவிட்சை அழுத்தினாள் மகள். உள்ளே துணைவியார் காவல், வெளியே ஆளுக்கொரு மூலையில் நானும் மருமகனும். பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டம்மாள் தூரத்தில் நின்றார். இழுப்பறை நகரும்போது குழந்தை, பூனை, நாய் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதன் சந்து விரலைப் பார்த்து இரங்காது. அறை ஒரே சீராக, நடுவில் நிற்காமல் உள்ளே வந்து அடைந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. உள்ளே வந்த அறையின் பின் மூலையில், தரையும் சுவரும் சேரும் இடத்தில் கம்பளம் ஈரமாக இருந்தது. நேற்றைய மழை மட்டும் காரணமில்லை. கம்பளத்தை விலக்கினால் பலகையில் பழைய கறை. கட்டை விரலால் அழுத்தினேன், அமுங்கியது. திருப்புளியின் முனையை வைத்துப் பார்த்தேன். ஒரு வெள்ளி நாணயம் அளவு இடத்தில் மாவு மாதிரி உதிர்ந்தது, மற்ற இடம் கெட்டியாக இருந்தது. அந்த மூலைக்கு நேர் மேலே நாக்கு ரப்பர் உள்பக்கமாக மடிந்து, ஓர் ஓக் இலை அதில் சிக்கியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த இலை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. எத்தனை மாதமோ! இந்த வண்டிகளின் தரை பெரும்பாலும் ஒட்டுப்பலகை அல்லது அழுத்திய மரச்சில்லுப் பலகை. தண்ணீர் பட்டால் ஊதி, உளுத்துப் போகும். மோட்டார் கெட்டால் மாற்றிவிடலாம். தரை போனால் அறையையே கழற்ற வேண்டும். பழைய வண்டியாக இருந்தால் வண்டியின் விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

“போகலாமா அப்பா, வேண்டாமா?” என்று கேட்டாள். கெட்ட இடம் ஓரத்தில் இருந்தது. பல் சட்டம் தாங்கும் இடத்திலிருந்து தள்ளியே இருந்தது. போகலாம் என்றேன். அன்று பகலும் இரவும் மின்விசிறி வைத்துக் காய வைத்தோம். மடிந்த ரப்பரை நிமிர்த்தி, துடைத்து, தைலம் பூசினோம். ஓரிடத்தில் கிழிந்தும் இருந்தது. அது புதிதாக மாற்ற வேண்டியது. ஒட்டுப்போட்டு ஏமாற்றக் கூடாது. சனிக்கிழமை பத்து மணிக்குப் புறப்பட்டு, வழியில் ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு மாலை அல்புகெர்க்கி போய்ச் சேர்ந்தோம்.

வண்டியை நிறுத்தியதும் வரிசை தப்பக் கூடாது. முதலில் ரசமட்டம் வைத்து இடவலமாக மட்டம், பிறகு சக்கரங்களுக்கு முட்டுக் கட்டை, பிறகு முன்பின்னாக மட்டம், அதற்கப்புறம்தான் இழுப்பறை. ஊன்றுகோல்களை இழுப்பறைக்கு முன்னால் இறக்குவதா, பின்னால் இறக்குவதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பார்க்க வேண்டும்.

ஆலை ஃபிட்டர் ஒருவர் வந்திருக்கிறார் என்ற செய்தி அங்கே பரவிவிட்டது. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனால் ஸ்பானருக்கு மொழி ஏது? ஒருவர் வண்டியில் எண்ணெய் அழுத்தத்தால் நகரும் இழுப்பறைகள். எண்ணெய் குறைகிறது என்று அறைகளை வெளியே விட்டபடியே தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா அறைகளும் உள்ளே இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் முழுவதும் உருளைகளில் இருக்கும், தொட்டி காலியாகத்தான் தெரியும். அவர் ஊற்றியிருந்தால் அறைகளை இழுத்தபோது வழிந்திருக்கும். இன்னோர் அம்மாள் வண்டியில் சுவருக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டார். அவை சோடி மாடு மாதிரி; ஒன்று முந்தினால் அறை கோணிக்கொள்ளும். அறை முழுக்கப் போய் முட்டிய பிறகும் சில வினாடி சுவிட்சைப் பிடித்திருந்தால் இரண்டும் தானாக நின்று கணக்கைச் சரிசெய்துகொள்ளும். அவர் முட்டியதும் முட்டாததுமாகக் கையை எடுக்கும் பழக்கம் வைத்திருந்தார். கயிறும் கப்பியுமாக இழுக்கும் வகையும் உண்டாம். அதில் கம்பிக் கயிற்றின் நூல் பிரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் புது ரப்பர் வந்தது. மருமகனே பொருத்தினார்; நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உளுத்த இடத்தைச் சுரண்டி எடுத்து, பலகையைக் கெட்டியாக்கும் பசையை ஊற்றி, காய்ந்ததும் நிரப்பிச் சமப்படுத்தினார். மறுநாள் தோட்டத்துக் குழாயால் அரைமணி நேரம் கூரையில் தண்ணீர் அடித்துவிட்டு மகள் உள்ளே போய் அந்த மூலையில் கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது.